எம்பியிடம் போவதற்கு முன்: வராத விதவை ஓய்வூதியமும் பதில் இல்லாத அஸ்வெசுமவும்

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் காவலாளியாக இருந்த அப்பா சேவையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார், அம்மாவுக்கு வரவேண்டிய விதவைகள் ஓய்வூதியம் ஒரு வருஷம் தாண்டியும் வரவில்லை, போதாக்குறைக்கு வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கிற அஸ்வெசும உதவிக்காகப் போட்ட மேன்முறையீட்டுக்கும் பதில் இல்லை. மாமா "எம்பியைப் பிடி, ஒரு கோலில முடிஞ்சிரும்" என்கிறார். போகலாமா என்று கேட்கிறீர்கள். போகலாம். ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், ஏனென்றால் ஒரு கோலில் முடிகிற வேலை இதில் ஒன்றுமே இல்லை.

நான் பிரதேச செயலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். எம்பிமார் கொடுத்துவிடுகிற கடிதங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு வகைக் கடிதம் வரும். முதல் வகை, "இக்கடிதம் கொண்டுவருபவர் எனக்கு நன்கு தெரிந்தவர், இவருடைய விடயத்தில் ஆவன செய்யவும்" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து, றப்பர் முத்திரை. சனம் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவரும். நாங்கள் வாங்கி, திகதி முத்திரை குத்தி, பைலில் கோர்ப்போம். அவ்வளவுதான். யாருடைய பைல், என்ன இலக்கம், எங்கே தடை என்று ஒன்றும் அதில் இல்லை. கேள்வியே கேட்காத கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது?

இரண்டாவது வகை குறைவாகத்தான் வரும். பதவிப் பெயருக்கு விலாசமிட்டு, பயனாளியின் அடையாள அட்டை இலக்கமும் பைல் இலக்கமும் போட்டு, "இவரது விண்ணப்பம் இன்ன திகதியில் உங்கள் அலுவலகத்தில் கையளிக்கப்பட்டுள்ளது, தற்போதைய நிலையையும் தாமதத்துக்கான காரணத்தையும் இன்ன திகதிக்கு முன் எழுத்துமூலம் அறியத் தரவும்" என்று கேட்டிருக்கும், கீழே விண்ணப்பதாரருக்குப் பிரதி என்றும் இருக்கும். அது நேரே பிரதேச செயலாளரின் மேசைக்குப் போகும். அவர் ஓரத்தில் "பதில் தயாரிக்கவும்" என்று எழுதித் திகதி போட்டு அனுப்பினால், அதற்குப் பிறகு அந்தப் பைலைத் தேடி எடுக்காமல் இருக்கவே முடியாது. எம்பி செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான். ஓய்வூதியத்தை அனுமதிக்கவோ அஸ்வெசுமவில் பெயர் சேர்க்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அவருக்கு இருப்பது கேட்கிற தகுதி. அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட அதிகாரிக்குத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தைத்தான் நாங்கள் பயன்படுத்தப் பார்க்கிறோம்.

சரி, அப்படியொரு கடிதம் எழுத வேண்டுமென்றால் பைல் எங்கே நிற்கிறது என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். இதைத்தான் பெரும்பாலான ஆட்கள் செய்வதில்லை. அப்பா பாடசாலை ஊழியர் என்பதால் பைலைத் தயாரிக்க வேண்டியது அதிபர் ஊடாக உங்கள் வலயக் கல்வி அலுவலகம். அங்கிருந்து அது கொழும்பு 10, மாளிகாவத்தையில் இருக்கும் ஓய்வூதியத் திணைக்களத்துக்குப் போகும். அங்கே அனுமதி கிடைத்தால்தான் உங்கள் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவு ஊடாக மாதாமாதம் அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். ஆக மூன்று இடம். பிரதேச செயலகத்தில் போய்ச் சண்டை பிடிக்கிறவர்கள் நிறையப் பேர், ஆனால் பைல் வலயத்தை விட்டே கிளம்பியிருக்காது. அதனால் முதலில் வலயத்தில் ஓய்வூதிய விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைப் பிடித்து "கொழும்புக்கு அனுப்பியாச்சா, எந்தத் திகதி, எந்தக் கடித இலக்கம்" என்று மட்டும் கேளுங்கள். அனுப்பியாயிற்று என்றால் ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 இலக்கத்துக்கு எடுத்து, அப்பாவின் அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லி, கிடைத்திருக்கிறதா, கேள்வி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்கலாம்.

திருப்பி அனுப்பியிருந்தால் பத்துக்கு எட்டுத் தடவை காரணம் பெயர். எங்கள் பக்கத்துப் பெயர்கள் உங்களுக்குத் தெரியும்தானே: பிறப்புச் சான்றிதழில் கணபதிப்பிள்ளை, நியமனக் கடிதத்தில் கணபதிபிள்ளை, கலியாணப் பதிவில் முதலெழுத்து முன்பின் மாறி, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல். அம்மாவின் பெயரும் அப்படியே. மட்டக்களப்பில் இருக்கிற ஒருவருக்கு நான்கும் ஒரே ஆள் என்று பார்த்தவுடனே விளங்கும், மாளிகாவத்தையில் இருக்கிறவருக்கு விளங்காது, அவருக்கு விளங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சமாதான நீதவான் முன்னிலையில் "இப்பெயர்களால் குறிப்பிடப்படுபவர் ஒருவரே" என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் பல வழக்கு அதோடு தீரும். பிறப்பு, விவாகப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் இருக்கிற மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்குப் போக வேண்டிவரும், அது இழுபடும். யுத்த காலத்தில் பதிவு செய்யாமல் கோயிலில் தாலி கட்டியதோடு விட்ட குடும்பங்கள், சுனாமியில் பத்திரமெல்லாம் போன குடும்பங்கள் வாவிக்கு மேற்கே படுவானிலும் கிழக்கே எழுவானிலும் எத்தனையோ. அவர்களுக்கு இந்த இடத்தில்தான் வருஷக்கணக்காக நிற்கும். இன்னொரு வழமையான காரணம் சுயவிபரக் கோவையில் சம்பள ஏற்றப் பத்திரங்கள் விடுபட்டிருப்பது. அது உங்கள் பிழை இல்லை, அலுவலகம் தேடி நிரப்ப வேண்டியது. எம்பியின் கடிதம் நன்றாக வேலை செய்கிற இடமும் அதுதான், ஏனென்றால் உங்களிடமிருந்து எந்தப் பத்திரமும் மிச்சமில்லை, அவர்கள் கையில்தான் வேலை கிடக்கிறது. பெயர்ப் பிழைக்கு எந்தக் கொம்பன் கடிதம் கொடுத்தாலும் சத்தியக்கடதாசி இல்லாமல் நகராது.

அஸ்வெசும வேறு கதை. 2023 ஜூலையில் பழைய வறுமை நிவாரணமான சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்த இந்தத் திட்டத்தை நடத்துவது நலன்புரி நன்மைகள் சபை. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீட்டுநிலை, குடும்ப அமைப்பு என்று விபரம் திரட்டிப் புள்ளி போட்டுத்தான் தெரிவு. 2025 தொடக்கம் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும். புள்ளியை மாற்று என்று எம்பியோ பிரதேச சபைத் தவிசாளரோ சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அப்படிப் பெயர் சேர்த்ததால்தானே சமுர்த்திப் பட்டியல் கட்சிப் பட்டியலாகிவிட்டது என்று ஊரெல்லாம் திட்டினோம்.

இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது அம்மாவுடையது தாமதமா, நிராகரிப்பா, அல்லது அனுமதித்த பிறகு பணம் ஏறாததா என்பதை. மூன்றுக்கும் மூன்று வழி. பெயர் பட்டியலில் இருந்தும் பணம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வங்கிக் கணக்கு விபரமோ அடையாள அட்டை இலக்கமோ பொருந்தவில்லை: பழைய ஒன்பது இலக்க அட்டை ஒரு இடத்தில், புதிய பன்னிரண்டு இலக்கம் இன்னொரு இடத்தில், கணக்கு வேறு யாருடனோ கூட்டாக, இல்லாவிட்டால் நெடுநாள் தொடாமல் கிடந்து செயலிழந்த கணக்கு. அதற்குப் பிரதேச செயலகத்தில் அஸ்வெசும பார்க்கிற உத்தியோகத்தரே போதும், எம்பி தேவையில்லை. தற்காலிகமாகச் சேர்த்த பிரிவுகளில் இருந்தவர்களுக்குக் காலம் முடிந்து நின்றிருக்கும், அதைத் தாமதம் என்று நினைத்து அலைகிறார்கள். மேன்முறையீடு கொடுத்துப் பதிலே வரவில்லை என்றால் மட்டும்தான் கடிதத்துக்கு வேலை. அதற்கு முன் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்துக்கும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

இனி யாரிடம் போவது. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து ஆசனம், திகாமடுல்ல என்று வாக்குச்சீட்டில் வருகிற அம்பாறைக்கு ஏழு. நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் உரிமை இல்லை. மாவட்டத்தின் எந்த உறுப்பினரிடமும் போகலாம். ஆளுங்கட்சிக்காரர் என்றால் விரைவாக நடக்கும் என்று மாமா சொல்வார். எம்பிமாரும் அதிகாரிகளும் கூடி மாவட்ட வேலைகளைப் பார்க்கிற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைமை ஆளுங்கட்சிப் பக்கம் இருப்பதால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எதிர்க்கட்சி எம்பி பாராளுமன்றத்தில் வாய்மொழி விடைக்குக் கேள்வி கொடுப்பார் என்ற எண்ணமும் திணைக்களங்களைச் சுறுசுறுப்பாக்கும். என் அனுபவத்தில் கட்சியை விட அந்த எம்பியின் அலுவலகத்தில் இருக்கிற இணைப்புச் செயலாளர் யார் என்பதுதான் முக்கியம். கடிதத்தை வாங்கிப் பதிவுப் புத்தகத்தில் எழுதி, மறுகா ஒரு மாதத்தில் தானே எடுத்துக் கேட்கிற ஆள் இருக்கிற இடமாகப் பாருங்கள். ஊரில் விசாரித்தால் தெரியும்.

பாராளுமன்றம் பொதுவாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடும். அந்த நாட்களில் ஊரில் எம்பியைத் தேடி அலையாதீர்கள். மற்றபடி ஆளை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, கடிதம் போய்ச் சேர்ந்தால் போதும்.

மாகாண சபை உறுப்பினரிடம் போகச் சொல்லி யாரும் சொன்னால் அப்படி ஒருவரும் இப்போது இல்லை என்று சொல்லுங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. உங்களுக்கு இது நேரடியாகப் பாதிப்பு, ஏனென்றால் வலயக் கல்வி அலுவலகம் மாகாணத்துக்குக் கீழே வருவது. கேள்வி கேட்க மாகாண சபையில் ஆள் இல்லாததால், எம்பி எழுதுகிற கடிதம் வலயப் பணிப்பாளருக்கும், பிரதி திருகோணமலையில் இருக்கும் மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் போக வேண்டும். 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஓய்வூதியத்திலோ அஸ்வெசுமவிலோ ஒரு பங்கும் இல்லை. ஆனால் ஜி.எஸ். என்கிற கிராம சேவகரையும் உத்தியோகத்தர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள் அவர்கள், "பைல் எங்க நிக்கிது" என்று கேட்டுச் சொல்ல அவர்கள் போதும்.

கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போய் "சேர், எழுதித் தாங்க" என்று நின்றால் அந்த ஒரு வரிக் கடிதம்தான் கிடைக்கும். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். அம்மாவின் கஷ்டத்தை இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம் என்றால் கோபிக்காதீர்கள், கஷ்டம் பொய் என்பதற்காகச் சொல்லவில்லை, அதை வாசிக்கிறவர் பைலைத் தேடுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. கிட்டத்தட்ட இப்படி: "எனது கணவர் அமரர் இன்னார், அடையாள அட்டை இலக்கம் இது, இன்ன பாடசாலையில் காவலாளியாகப் பணியாற்றி இன்ன திகதியில் சேவையில் இருக்கையில் காலமானார். விதவைகள் ஓய்வூதியத்துக்கான ஆவணங்களை இன்ன திகதியில் அதிபர் ஊடாகக் கையளித்தேன். இன்ன திகதியில் வலயத்தில் விசாரித்தபோது சம்பள ஏற்ற விபரங்கள் கிடைக்கவில்லை எனத் தெரிவிக்கப்பட்டது. இப்பைல் எப்போது ஓய்வூதியத் திணைக்களத்துக்கு அனுப்பப்படும் என்பதை எழுத்துமூலம் பெற்றுத்தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கீழே அம்மாவின் கையெழுத்து, தொலைபேசி இலக்கம், இணைப்புப் பட்டியல். அஸ்வெசுமவுக்குத் தனிக் கடிதம். இரண்டையும் ஒன்றில் போட்டால் இரண்டு அலுவலகமும் மற்றதன் வேலை என்று தள்ளும்.

மூலப் பத்திரம் ஒன்றையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோகொப்பி மட்டும். உங்கள் பிரதியில் "கிடைத்தது" என்று கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். எம்பி அனுப்புகிற கடிதத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள், வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினாலும் சரி. அந்தக் கடிதத்தின் திகதியையும் இலக்கத்தையும் சொல்லிக்கொண்டுதான் அடுத்த தடவை கந்தோருக்குப் போக வேண்டும்.

ஒரே நேரத்தில் மூன்று எம்பிக்கும் ஆளுநருக்கும் ஜனாதிபதிக்கும் எழுதுகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு இருக்கிறது. செய்யாதீர்கள். ஐந்து இடத்திலிருந்து ஐந்து கடிதம் அதே உத்தியோகத்தரிடம்தான் வந்து சேரும், அவர் ஒரே இடைக்காலப் பதிலை ஐந்து தடவை அச்செடுத்து அனுப்பிவிட்டு உங்கள் வேலை முடிந்ததாக நினைப்பார். ஒருவரிடம் கொடுத்து ஒரு மாதம் பொறுங்கள். அப்புறம், கடிதம் வாங்கித் தருகிறேன், கொழும்பில் ஆள் இருக்கிறது என்று காசு கேட்கிறவன் யாராக இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள். எம்பியின் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது, இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. உதவி வாங்கியதற்குப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடக் கேட்டால் அம்மாவுக்கு விருப்பமில்லை என்று சொல்லலாம், அதனால் பைல் நிற்காது.

உங்களைப் போல அதே வலயத்தில் இதே காரணத்துக்காகக் காத்திருப்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்தால் விடயத்தின் எடையே மாறும். தனி ஒருவரின் பைலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எடுத்தால் "விபரத்தைத் தாருங்கள், பார்க்கிறோம்" என்பதோடு முடியும். "இந்த வலயத்தில் இறந்த ஊழியர்களின் பைல் எத்தனை தேங்கிக் கிடக்கிறது, ஏன்" என்று ஒரு எம்பி கேட்டால் அது கூட்ட அறிக்கையில் ஏறும், அடுத்த கூட்டத்தில் முன்னேற்றம் சொல்ல வேண்டிவரும். மட்டக்களப்பில் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம் கோட்டைக்குள் இருந்த காலம் போய் இப்போது திராய்மடுவில் நடக்கிற அந்தக் கூட்டத்துக்கு முன்பே பட்டியலை எம்பியின் அலுவலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், கூட்ட நாளன்று வாசலில் நின்று நீட்டுவதில் பயனில்லை. பிரதேச மட்டத்திலும் இதே மாதிரி ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது, சின்ன விடயத்துக்கு அதுவே கிட்ட.

ஒரு மாதம் போய் எம்பியின் கடிதத்துக்கும் பதில் வரவில்லை என்றால் தகவலறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், என்னைக் கேட்டால் பல எம்பிமாரை விட உபயோகமானது. வலயத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, "இப்பைல் இன்று எந்த உத்தியோகத்தரிடம் உள்ளது, கடைசியாக எத்திகதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, அதற்கான கடிதப் பிரதிகள்" என்று கேளுங்கள். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், அதற்குக் கதை எழுதி அனுப்புவார்கள். பத்திரத்தைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும், அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் போன மறுவாரமே பைல் நகர்ந்ததை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன், ஏனென்றால் ஒன்றும் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

அதற்கும் மேலே பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழு இருக்கிறது. அங்கே மனுவைச் சமர்ப்பிக்க எம்பி ஒருவர் கட்டாயம் வேண்டும், குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும், ஆனால் காலம் எடுக்கும். ஒம்புட்ஸ்மன் என்கிற நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு 1994 திருத்தத்துக்குப் பிறகு நீங்களே நேரடியாக எழுதலாம். பாகுபாடு காட்டி மறுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கிளை உண்டு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம் என்பதால் அப்படிப்பட்ட வழக்கில் ஆணைக்குழு முறைப்பாட்டையும் அந்த மாதத்துக்குள் கொடுப்பது புத்தி.

அம்பாறை மாவட்டத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு சேர்க்கை. திருக்கோவில், காரைதீவு, பொத்துவில் பக்கம் அம்பாறை நகரத்திலிருந்து தனிச் சிங்களத்தில் கடிதம் வந்தால், யாரையாவது பிடித்து மொழிபெயர்த்து வாசித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பில் இருக்கிற உரிமை. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள், தராவிட்டால் மொழி முறைப்பாட்டுக்கு 1956. கல்முனைக்காரர்கள் உங்கள் பைல் எந்தச் செயலகத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தனிச் செயலகமாக்குவது பற்றிய இழுபறியில் கடிதம் தப்பான கந்தோருக்குப் போய்க் கிடக்கக்கூடாது.

தங்கச்சி, கடைசியாக ஒன்று. விதவை ஓய்வூதியம் அனுமதியானால் அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் சேர்த்து வர வேண்டும். முதல் தடவை பணம் ஏறியதும் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து, நிலுவை முழுக்க வந்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கணக்குக் கேளுங்கள். மரணப் பணிக்கொடை தனி, அதையும் விசாரியுங்கள். ஓய்வூதியம் வரத் தொடங்கியதை அஸ்வெசும உத்தியோகத்தருக்கும் அறிவித்துவிடுங்கள், மறைத்து வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டச் சொன்னால் அதற்கு எந்த எம்பியும் கடிதம் தரமாட்டார்.